அதிர்வுச் சோதனை இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? தோற்றது என் பொருளா, அதைத் தாங்கிய சட்டமா?

கேள்வி: ஓசூர்ப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். இருசக்கர மின்வாகனங்களுக்கான மோட்டார் கன்ட்ரோலர்களைச் செய்து தரும் ஒரு சிறு பட்டறையை ஓசூரில் நடத்தி வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் இந்த முறை அதிர்வுச் சோதனை அறிக்கை இல்லாமல் பொருளை வாங்க இயலாது என்று தெரிவித்துவிட்டதால், தனியார் சோதனைக்கூடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மூன்று கன்ட்ரோலர்களைக் கொடுத்தோம். வாடிக்கையாளர் தந்த தாளில் 10 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை சைன் அதிர்வு (ஒரு நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் சீராக ஏறி இறங்குவது; அந்த அதிர்வெண் மெல்ல மாறிக்கொண்டே போகும்), 5 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு), ஒவ்வோர் அச்சுக்கும் 8 மணி நேரம் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. செங்குத்து அச்சில் எந்தக் குறையும் இல்லை. பக்கவாட்டு அச்சில் இரண்டாம் மணி நேரத்திலேயே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றின் கால், சாலிடருக்குச் சற்று மேலே, கத்தியால் நறுக்கியது போல முறிந்துவிட்டது. அறிக்கையில் ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அதே கன்ட்ரோலர் பொருத்தப்பட்ட வண்டிகள் ஓராண்டுக்கும் மேலாகக் கரடுமுரடான சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலும் இந்தக் கெப்பாசிட்டர் முறிந்ததாகப் புகார் வந்ததில்லை. பொருளை மேடையில் பொருத்துவதற்கான சட்டத்தை நாங்களே 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை எல் வடிவில் வெல்டிங் செய்து கொண்டுபோயிருந்தோம். அந்த இயந்திரம் உள்ளே எப்படி இயங்குகிறது, 5 ஜி என்று அவர்கள் சொல்வது உண்மையில் எந்த இடத்தில் அளக்கப்படுகிறது, ஒரு சிறிய இயந்திரத்தை நாங்களே வாங்கி வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்குமா ஆகியவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: அதிர்வுமேடை

வணக்கம் ஐயா. பதினான்கு ஆண்டுகளாக இத்தகைய இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துப் பார்த்திருந்தால் இயந்திரத்தின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பின் அடியில் ஒட்டப்பட்ட கம்பிச் சுருள், காந்தத்தின் குறுகிய இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் மேலும் கீழும் தள்ளப்படும். மின்காந்த ஷேக்கர் என்று நாங்கள் சொல்லும் இயந்திரமும் இதுவேதான். காகிதக் கூம்பு இருக்கும் இடத்தில் மெக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ செய்த ஆர்மேச்சரும் (சுருளைத் தாங்கி அசையும் பகுதி), சிறு காந்தம் இருக்கும் இடத்தில் நேர்மின்னோட்டம் பாயும் பெரிய புலச் சுருளும் இருக்கும். காந்தப்புலத்தின் செறிவு, சுருளில் பாயும் மின்னோட்டம், புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பதே விசை. முதலும் மூன்றாவதும் மாறாதவை என்பதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினால் விசை கட்டுக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் நிற்கிறது.

எவ்வளவு விசை தேவை என்பதைக் கணக்கிடும்போது பலர் தம் பொருளின் எடையை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலர் 1.2 கிலோ, சட்டம் 6 கிலோ, ஆர்மேச்சர் 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், இயந்திரம் அசைக்க வேண்டியது 14.2 கிலோ; அதை 5 ஜி அளவுக்கு முடுக்க ஏறத்தாழ 700 நியூட்டன் விசை வேண்டும். அதில் உங்கள் பொருளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

விசையைப் போலவே நகர்வுக்கும் எல்லை உண்டு. சைன் அதிர்வில் முடுக்கம் மாறாமல் இருக்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது நகர்வு நான்கு மடங்காக வேண்டும். 500 ஹெர்ட்ஸில் 5 ஜி என்பது மேடை நடுநிலையிலிருந்து 5 மைக்ரான் மட்டுமே விலகும் அசைவு. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். கண்ணுக்கு மேடை அசையாமல் நிற்பது போலத் தெரியும். காதுக்குத்தான் அது கத்தும். அதே 5 ஜி 10 ஹெர்ட்ஸில் வேண்டுமென்றால் மேடை மேலிருந்து கீழாக ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். பல நடுத்தர இயந்திரங்களின் முழு நகர்வு எல்லையே 25 மில்லிமீட்டர்தான். பெரியவற்றில் 51 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கிடைக்கும். ஆகவே உங்கள் தாளில் ‘குறைந்த அதிர்வெண்களில் இத்தனை மில்லிமீட்டர் நகர்வு, அதன் பிறகு 5 ஜி’ என்று இன்னொரு வரி கட்டாயம் இருந்திருக்க வேண்டும். எடுத்துப் பாருங்கள்.

பக்கவாட்டு அச்சுக்கு ஷேக்கரைப் படுக்கையாகத் திருப்பி, ஸ்லிப் டேபிள் எனப்படும் தட்டையான பலகையுடன் இணைப்பார்கள். பலகைக்கும் அதன் கீழே இருக்கும் கிரானைட் கல்லுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஓடும். அதன்மீது பலகை வழுக்கிக்கொண்டே அதிரும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். 5 ஜி எங்கே அளக்கப்படுகிறது? முடுக்கமானி எங்கே ஒட்டப்பட்டிருக்கிறதோ அங்கே. இயந்திரத்துக்கு உங்கள் கன்ட்ரோலரைப் பற்றி எதுவுமே தெரியாது. மேடையில் திருகியோ ஒட்டியோ வைத்திருக்கும் விரல்நுனி அளவிலான முடுக்கமானி தரும் மின்சமிக்கையைக் கட்டுப்பாட்டுக் கணினி பார்க்கும். தாளில் சொன்ன அளவைவிடக் குறைந்தால் ஆம்ப்ளிஃபையருக்குக் கூடுதலாகவும், மிஞ்சினால் குறைவாகவும் கட்டளை அனுப்பும். இந்தச் சுற்று நொடிக்குப் பலமுறை நடந்துகொண்டே இருக்கும். அந்த ஓர் இடத்தில் 5 ஜி இருக்கும் என்பதற்கு மட்டுமே இயந்திரம் பொறுப்பு. அங்கிருந்து உங்கள் எல் வடிவச் சட்டத்தின் வழியே ஏறி, கன்ட்ரோலரின் பெட்டியைக் கடந்து, போர்டின் மேல் நிற்கும் கெப்பாசிட்டரின் தலைக்குப் போய்ச் சேரும்போது அது எத்தனை ஜி ஆகியிருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல் சட்டத்தின் நிமிர்ந்த தகடு ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டது. பக்கவாட்டில் அசைக்கும்போது நீச்சல் குளத்தின் குதிபலகையைப் போல வளையும். உயரம் 120 மில்லிமீட்டர் என்று வைத்தால் வெறும் தகட்டின் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண்) 280 ஹெர்ட்ஸ் அளவில் வரும், 1.2 கிலோ பொருளை அதில் தொங்கவிட்டால் அது இன்னும் இறங்கி உங்கள் சோதனை எல்லையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அதிர்வெண்ணைக் கடக்கும்போது மேடையில் 5 ஜி, தகட்டின் மேல் முனையில் 40 அல்லது 50 ஜி என்பது வியப்புக்குரியதே அல்ல. செங்குத்து அச்சில் அதே தகடு தன் நீளவாக்கில் தள்ளப்படுவதால் விறைப்பாக நிற்கும். ஓர் அச்சில் வெற்றியும் மற்றதில் தோல்வியும் வந்ததைப் பார்த்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்தச் சட்டத்தைத்தான்.

இரும்புக்குப் பதில் அலுமினியம் போட்டால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதே வடிவம், அதே தடிமன் என்றால் ஒன்றும் மாறாது. இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் மூன்றிலும் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரே எடைக்கு அலுமினியத்தில் மூன்று மடங்கு தடிமன் வைக்கலாம் என்பதால்தான் எல்லாரும் அதை நாடுகிறார்கள். வளைத்து வெல்டிங் செய்த தகடு வேண்டாம். கட்டியாக, குட்டையாக, முடிந்தால் ஒரே பாளத்திலிருந்து குடைந்தெடுத்த கனசதுரமாக இருக்கட்டும்.

இயந்திரம் வாங்குவதைப் பற்றி: வேண்டாம். கூடத்துக்கு மூன்று கட்ட மின்சாரம், குளிர்விக்கும் காற்றூதி, அதிர்வைத் தாங்கும் தளம், ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் எல்லாம் வேண்டும். அதற்குப் பிறகும் உங்கள் சொந்தக் கூடத்தின் அறிக்கையை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வாரா என்பது தனிக் கேள்வி. என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்குத் தரச்சான்று அளிக்கும் தேசிய அமைப்பு) சான்று பெற்ற கூடங்களில், அந்தச் சான்றின் எல்லைக்குள் நீங்கள் கேட்கும் சோதனை வருகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

பதில்: கட்டுமானப் பொறியாளன்

சொல் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிட விரும்புகிறேன். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆய்வகக் கருவிக் கடையில் போய் ‘வைப்ரேஷன் மெஷின்’ என்று கேட்டால், பெரும்பாலும் சிமெண்ட் கனசதுரம் வார்க்கும் இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். 70.6 மில்லிமீட்டர் வார்ப்புப் பெட்டியில் சாந்தை நிரப்பி, நிமிடத்துக்கு 12,000 அதிர்வுகள் வீதம் இரண்டு நிமிடம் அதிரவைத்துக் காற்றை வெளியேற்றுவது அதன் வேலை. அது மாதிரியைச் செய்யும் கருவியே தவிர, மாதிரி அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் கருவி அல்ல. பட்டறை நண்பருக்கு விலைப்பட்டியல் மலிவாக வந்தால் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

எங்கள் துறையில் ‘அதிர்வுச் சோதனை’ என்றால் நிலநடுக்க மேடை. மேலே விளக்கப்பட்ட மின்காந்த வகை இதற்கு உதவாது. நிலநடுக்கத்தின் ஆற்றல் பெரும்பாலும் 33 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெரிய நகர்வுகளில் இருப்பதால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டன்களே மேடையைத் தள்ளுகின்றன. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும், பெங்களூரில் உள்ள மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய மேடைகள் இருக்கின்றன. பின்னதில் துணைமின்நிலையக் கருவிகளையும் மின்பலகைகளையும் ஏற்றி, நிலம் குலுங்கும்போது ரிலே (மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்) தானாகத் தட்டிவிடுகிறதா என்பது வரைக்கும் பார்ப்பார்கள். உலகின் மிகப் பெரிய மேடைகளுள் ஒன்று ஜப்பானின் மிக்கி நகரில் உள்ளது. 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டப்பட்டு 2005இல் இயங்கத் தொடங்கிய அந்த மேடை 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. 1,200 டன் வரை ஏற்றலாம். முழு அளவிலான அடுக்குமாடி வீட்டையே கட்டி வைத்துக் குலுக்குகிறார்கள்.

பதில்: முன்னாள் சோதனையாளன்

விண்கலக் கருவிகளின் சோதனையில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ‘அதிர்வுமேடை’ எழுதியதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் இயந்திரம் தன் பொறுப்பை எப்போதும் நிறைவேற்றிவிடும் என்ற எண்ணத்தை அந்தப் பதில் உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எங்கள் துறையில் புதிதாக வருவோருக்கு முதல் நாளே சொல்லப்படும் கதை இது.

சூரியனின் தீக்கொழுந்துகளை எக்ஸ் கதிர்களில் ஆராய்வதற்காக நாசா செய்த ஹெசி என்ற சிறு விண்கலத்தை, 2000ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று கலிபோர்னியாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் அதிர்வு மேடையில் ஏற்றினார்கள். பக்கவாட்டில் 2 ஜி அளவுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு சிறு குலுக்கல். கிடைத்தது ஏறத்தாழ 20 ஜி. கலத்தின் கட்டமைப்பும் சூரியத் தகடுகளும் சேதமடைந்தன. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

காரணத்தைப் பார்த்தால், கணினி ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டிருந்தது. முழு அளவுச் சோதனைக்கு முன், கட்டுப்பாட்டுக் கணினி மிகச் சிறிய சமிக்கை ஒன்றை அனுப்பி, ‘இத்தனை வோல்ட் கொடுத்தால் இத்தனை ஜி வருகிறது’ என்ற விகிதத்தைத் தெரிந்துகொள்ளும்; அதே விகிதத்தில் பெருக்கித்தான் முழு அளவுக்கான கட்டளையைத் தயாரிக்கும். அன்று இயந்திரத்தின் அசையும் பகுதி உள்ளே உராய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சிறு சமிக்கைக்கு அது கிட்டத்தட்ட அசையவே இல்லை. ‘இவ்வளவு கொடுத்தும் இத்தனை குறைவாகத்தான் அசைகிறது’ என்று முடிவு செய்த கணினி, முழு அளவுக்கு மிகப் பெரிய கட்டளையைத் தயாரித்தது. அந்த விசையில் ஒட்டல் விடுபட்டு, மேடை கட்டளைப்படியே பாய்ந்தது. சைன் அதிர்வைத் தொடர்ந்து கொடுக்கும் சோதனையில் மேற்சொன்ன சுற்று இடையிலேயே திருத்திக்கொள்ளும். நொடிப்பொழுதில் முடிந்துவிடும் குலுக்கலில் திருத்துவதற்கு நேரமே கிடையாது. கலத்தைச் சீர்செய்து 2002 பிப்ரவரியில் அனுப்பினார்கள். அதன் பிறகு அது 2018 வரை வேலை செய்தது என்பது வேறு செய்தி.

அதனால்தான், விலைமதிப்புள்ள பொருளை ஏற்றுவதற்கு முன் அதே எடையுள்ள போலிப் பொருளை வைத்து முழு அளவுக்கும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும் என்பதில் எல்லாரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலருக்கும் இதைக் கேளுங்கள். பழுதான பழைய கன்ட்ரோலர் ஒன்று போதும்.

மேடையிலிருந்து வரும் எதிர்பாராத எண்ணை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 2016 டிசம்பரில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு நடந்ததைப் பார்க்கலாம். நாசாவின் கோடார்ட் மையத்தில் அதிர்வு மேடையில் இருந்தபோது சில உணரிகள் கணித்ததைவிட அதிகமான அளவைக் காட்டவே, இயந்திரம் தானாக நின்றுவிட்டது. தொலைநோக்கிக்குச் சேதம் ஒன்றும் இல்லை. ஏவும்போது கண்ணாடியின் மடித்த சிறகைப் பிடித்து வைக்கும் பூட்டுகளுக்குள் இருந்த மிக நுண்ணிய அசைவே காரணம் என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. ‘சேதமில்லை, ஓட்டுங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வரைபடத்தில் எழுந்த எதிர்பாராத முகட்டுக்காக அத்தனை வாரம் நிறுத்தி வைக்கும் பொறுமை பணம் கட்டிச் சோதனை செய்யும் வாடிக்கையாளருக்கு இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த முகட்டை அறிக்கையில் சேர்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

ஓசூர்ப் பட்டறை

மூவருக்கும் நன்றி. ‘அதிர்வுமேடை’ ஐயா சொன்னது போலவே தாளின் இரண்டாம் பக்கத்தில், 29 ஹெர்ட்ஸ் வரை முழு நகர்வு 3 மில்லிமீட்டர், அதன் பிறகு 5 ஜி என்று சிறிய எழுத்தில் இருந்தது. நாங்கள்தான் பார்க்கத் தவறிவிட்டோம். சோதனைக்கூடத்தில் பேசியதில், முடுக்கமானி ஸ்லிப் டேபிளின் பலகையில் மட்டுமே இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். சட்டத்தின் மேல் முனையில் இரண்டாவது முடுக்கமானி வைக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்று பதில் வந்தது. அது நியாயமான பதிலா என்று தெரியவில்லை.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. 8 மணி நேரம் என்பது இருசக்கர வாகனம் வாழ்நாள் முழுக்க ஓடுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகத் தோன்றுகிறது; இதை எப்படிப் புரிந்துகொள்வது? மேலும், வேறொரு வாடிக்கையாளர் ‘ராண்டம்’ அதிர்வு கேட்கிறார். சாலை சைன் அலை போல அதிர்வதில்லை என்பதால் அதுதான் உண்மையான சோதனையா?

அதிர்வுமேடை

அது நியாயமான பதில் அல்ல. ஆனால் வழக்கமான பதில்.

முதல் ஐயத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதிர்வெண் ஒருமுறை இரட்டிப்பாவதை ஓர் ஆக்டேவ் என்போம். 10இலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை 5.6 ஆக்டேவ். வழக்கமான வேகமான நிமிடத்துக்கு ஓர் ஆக்டேவ் என்று ஓட்டினால் ஒருவழிப் பயணத்துக்கு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். 8 மணி நேரத்தில் 85 முறை அந்தப் பாதையைக் கடக்கலாம். உங்கள் பொருளில் ஏதோ ஒரு பகுதி 180 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொண்டு, அங்கே அதிர்வை 20 மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் குறுகிய இடத்தைக் கடக்க ஏறத்தாழ 4 நொடிதான் ஆகும். 85 முறைக்கும் சேர்த்து 6 நிமிடம். எட்டு மணி நேரச் சோதனையில் அந்தப் பகுதியை உண்மையில் வருத்தியது 6 நிமிடம் மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் அதற்கு ஓய்வு. அந்த 6 நிமிடத்துக்குள் 66,000 முறை அது வளைந்து நிமிர்ந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டாம் மணி நேரத்தில் உங்கள் கால் முறிந்தது என்றால் அதற்குள் அது தாங்கியது சுமார் ஒன்றரை நிமிட ஒத்ததிர்வு. இவ்வளவு விரைவில் முறிவது பலவீனமான கால் என்பதைவிட மிகைப்பட்ட அதிர்வு என்பதையே எனக்குக் காட்டுகிறது.

ராண்டம் சோதனையில் 10 முதல் 1,000 அல்லது 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில், ஒழுங்கற்ற அளவுகளில் மேடையில் இருக்கும். சைன் விசில் போல ஏறி இறங்கும். ராண்டம் அருவி இரைவது போல இருக்கும். அளவை ஒரே ஜி எண்ணாக மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்திலும் எவ்வளவு அதிர்வு என்ற அடர்த்தியாகத்தான் சொல்ல வேண்டும். அதனால் அலகு ஜி வர்க்கத்தை ஹெர்ட்ஸால் வகுத்ததாக இருக்கும். 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே சீராக 0.04 என்று தாளில் இருந்தால், அகலத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்; 8.9 ஜி வரும். அது சராசரி வகையைச் சேர்ந்த எண்; உச்சங்கள் அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 27 ஜி வரை போகும். இயந்திரத்தின் திறனைப் பார்க்கும்போது இந்த உச்சத்தை மறந்துவிட்டு ஏமாறுபவர்கள் பலர்.

எது உண்மையான சோதனை என்றால், எது உங்கள் பொருளின் வாழ்க்கையில் இருக்கிறதோ அது. மோட்டார், என்ஜின் போன்ற சுழலும் பொருளின் மேலேயே பொருத்தப்படுவதற்குச் சைன் பொருந்தும். வண்டியின் சட்டத்தில் அமர்ந்து சாலையின் குலுக்கலை வாங்குவதற்கு ராண்டம் பொருந்தும். ஐஎஸ்ஓ 16750-3 என்ற தரநிலையில், காரின் உடற்பகுதியில் பொருத்தப்படும் மின்னணுப் பொருளுக்கு 27.8 மீட்டர்/நொடி² அளவில், அதாவது 2.8 ஜி அளவில், ஒவ்வோர் அச்சுக்கும் 8 மணி நேர ராண்டம் சோதனைதான் சொல்லப்பட்டிருக்கிறது. ராண்டமில் இன்னொரு குணம் உண்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் வெவ்வேறு அதிர்வெண்ணில் ஆடுபவையாக இருந்தால், சைனில் ஒன்று ஆடும்போது மற்றது சும்மா நிற்கும். ராண்டமில் இரண்டும் ஒன்றாக ஆடி ஒன்றையொன்று முட்டும். சாலையில் நடப்பது அதுதான்.

மற்றபடி சைனை மட்டமாக நினைக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பும் முன் கட்டாயமாகச் செய்யப்படும் யூஎன் 38.3 தொகுப்பில் இருப்பது சைன்தான்: 7இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை போய்த் திரும்பப் 15 நிமிடம், அப்படிப் பன்னிரண்டு முறை, மூன்று திசைகளிலும். எங்கே ஒத்ததிர்வு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கும் சைனைவிட நல்ல கருவி கிடையாது. அடுத்த முறை முழுச் சோதனைக்கு முன் 0.5 ஜியில் ஒரே ஒரு ஒத்ததிர்வுத் தேடல் ஓட்டச் சொல்லுங்கள், முதலில் வெறும் சட்டத்துக்கு, பிறகு பொருளோடு. மேடையில் ஒரு முடுக்கமானி, சட்டத்தின் மேல் முனையில் ஒன்று, முடிந்தால் போர்டில் ஒன்று. போர்டில் வைப்பது சில கிராம் எடையுள்ள சிறிய வகையாக இருக்க வேண்டும். கனமானதை ஒட்டினால் அதன் எடையே போர்டின் அதிர்வெண்ணை இறக்கிவிடும்.

ஓசூர்ப் பட்டறை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வேறொரு கூடத்தில் நீங்கள் சொன்னபடியே தேடல் ஓட்டினோம். பழைய எல் சட்டம், பொருளோடு சேர்ந்து, 172 ஹெர்ட்ஸில் அதிர்வை 9 மடங்காகப் பெருக்கியது. அதாவது மேடையில் 5 ஜி என்றால் கன்ட்ரோலரின் அடிப்பெட்டிக்கே 45 ஜி போயிருக்கிறது. 40 மில்லிமீட்டர் அலுமினியப் பாளத்தில் குடைந்த புதிய சட்டம் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதிர்வைப் பெருக்கவில்லை.

ஆனால் முழுப் பழியையும் சட்டத்தின்மேல் போட முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடத்திலிருந்த இளைஞர் மூடியைக் கழற்றி, அதிர்வெண்ணுக்கு மிக நெருக்கமாக விட்டுவிட்டு ஒளிரும் ஸ்ட்ரோப் விளக்கைப் போர்டின்மேல் காட்டினார். 236 ஹெர்ட்ஸில், வெறும் கண்ணுக்கு மங்கலாக மட்டுமே தெரிந்த கெப்பாசிட்டர், அந்த வெளிச்சத்தில் மெதுவாக, காற்றில் ஆடும் தென்னை போல இரு பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தது. புதிய சட்டத்திலும் அது ஆடத்தான் செய்கிறது, முன்பு போல் அத்தனை வெறியோடு இல்லை என்பதுதான் வேறுபாடு. வண்டிகளில் ஏன் இன்னும் முறியவில்லை என்றால், அங்கே அந்த அதிர்வெண்ணில் அதிர்வு குறைவாக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

கெப்பாசிட்டரைப் படுக்க வைத்து, அடியில் சிலிகான் பசை போட்டுப் போர்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறோம். பக்கவாட்டு அச்சில் 8 மணி நேரமும் முடிந்தது, கால் முறியவில்லை. நாளை மூன்றாவது அச்சு.

முன்னாள் சோதனையாளன்

மூன்றாவது அச்சுக்குப் பொருளைத் திருப்பிப் பொருத்தும்போது போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் திருகுசாவி) கொண்டு, முந்தைய அச்சுகளுக்கு வைத்த அதே அளவில் இறுக்கச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் கழற்றும் முன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் போட்ட வண்ணக்கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் அந்த அச்சின் வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.